பிள்ளை சொன்ன பிறகு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்கா,

மொரிஷியஸின் வடக்குப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வேலைக்கு வந்து 2 ஆண்டு ஆகிறது. நான்காம் வகுப்பில் எனக்கு 14 பிள்ளைகள். எல்லார் வீட்டிலும் பேசுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். நான் சொல்லச் சொல்லச் சேர்ந்து சொல்வார்கள், கூரை அதிரச் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் ஒரே ஒரு வார்த்தை வரும். இல்லாவிட்டால் கிரியோலில் பதில். அதுவும் இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். தமிழிலேயே பேசினால் விழிக்கிறார்கள். கிரியோலில் விளக்கினால் 30 நிமிடமும் அதிலேயே போய்விடுகிறது. கிரியோல் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா?

இன்னொன்று. போன தவணையில் ஒரு பையன் எழுந்து வாசிக்கும்போது 'பழம்' என்பதைப் 'பலம்' என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தடவை திருத்திச் சொல்லவைத்தேன். அன்றிலிருந்து என் வகுப்பில் அவன் வாய் திறப்பதில்லை. மற்ற வகுப்புகளில் நன்றாகப் பேசுகிறானாம். அவனை எப்படிப் பேசவைப்பது?

— ஒரு தமிழ் ஆசிரியை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் கிரியோலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பையனைப் பற்றி 'இன்னொன்று' என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்திக்கொண்டிருப்பது அவன்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால் அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

அவனைத் தனியாகப் பார்த்து, "அன்றைக்கு நீ வாசித்தபோது நானும் சிரித்துவிட்டேன். அது என் தப்பு" என்று சொல்லிவிடுங்கள். கிரியோலில் சொல்லுங்கள். அவன் அம்மா அவனைச் சமாதானப்படுத்துவது அந்த மொழியில்தான். உங்கள் வருத்தமும் அவன் காதில் அந்த மொழியில்தான் விழ வேண்டும். வகுப்பின் முன்னால் சொல்ல வேண்டாம், மறுபடி எல்லார் கண்ணும் அவன் மேல் திரும்பும். இடைவேளைக்கு வெளியே போகும்போது, நடந்துகொண்டே, அரை நிமிடத்தில் சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். "இனிமேல் பேசுவாயா?" என்று கேட்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் அவனைப் பேர் சொல்லி எழுப்பாதீர்கள். அதற்காக அவனை மறந்துவிட்ட மாதிரியும் இருக்கக் கூடாது. கை தூக்கினால் போதும், காட்டினால் போதும் என்கிற வேலைகளில் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு விளையாட்டு சொல்கிறேன். நீங்கள் 'மலை' என்றால் பிள்ளைகள் இடது கையைத் தூக்க வேண்டும், 'மழை' என்றால் வலது கையை. 'கிளி', 'கிழி'. 'தலை', 'தழை'. 'பலம்', 'பழம்'. வாயை மூடிக்கொண்டே ஆடலாம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது, ஏனென்றால் எல்லாரும் தப்பாகக் கை தூக்குவார்கள்.

அந்தத் தப்புக்குக் காரணம் இருக்கிறது. கிரியோலில் நாக்கை மேலண்ணத்துக்கு வளைத்துச் சொல்கிற ஒலியே கிடையாது. ழ இல்லை, ள இல்லை, ண இல்லை. நம் பிள்ளைகள் ர-வைக்கூடத் தொண்டையிலிருந்து எடுப்பார்கள், 'மரம்' என்று சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். காதுக்குப் பிடிபடாத ஒலியை நாக்கு எப்படிப் பிடிக்கும்? அந்தப் பையனுக்குப் 'பழம்', 'பலம்' இரண்டும் அன்றைக்கு ஒரே சொல்லாகத்தான் கேட்டிருக்கும். மூன்று தடவை சொல்லவைத்தபோது எதை மாற்ற வேண்டும் என்று தெரியாமலேயே மூன்று தடவையும் சொல்லியிருப்பான். தமிழ்நாட்டிலேயே ழ-வை ள என்பவர்களும் ய என்பவர்களும் ஏராளம். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று கூவி விற்கிற ஊர்கள் உண்டு. இதைப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். ழ கஷ்டம் என்பது அவர்களைப் பற்றிய செய்தியல்ல, ழ-வைப் பற்றிய செய்தி.

இனி வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். என் கதையிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் அடித்தது உங்களுக்கு நினைவிருக்காது, பிறந்தே இருக்க மாட்டீர்கள். நான் அப்போது வேலைக்கு வந்த புதிது. பள்ளி திறந்த முதல் நாள், புயல் அன்று என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகளைத் தமிழில் கேட்டேன். வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், எங்க வீடு கூரை... போச்சு" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "'வீடு கூரை' இல்லை, 'வீட்டுக் கூரை'. சொல்லு" என்றேன். "வீட்டுக் கூரை" என்றாள். "சரி, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். அவர்கள் குடும்பமே மாமா வீட்டில் படுத்துக்கொண்டிருக்கிறது என்று இடைவேளையில் இன்னொரு ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை கிரியோலில் சொல்லியிருக்கலாம். எனக்காகத் தமிழைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். கூரை போனதை நான் காதிலேயே வாங்கவில்லை. 30 ஆண்டுக்கு மேலாகிறது, அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண் முன்னால் இருக்கிறது.

நான் செய்தது ஏதோ எனக்கே உரிய கொடுமை என்று நினைத்திருந்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, உலகம் முழுக்க வகுப்பறைப் பேச்சு இந்தத் தடத்தில்தான் ஓடுகிறது என்று. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சின்க்ளேர், கூல்தார்ட் என்ற இருவர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டார்கள். ஆசிரியர் கேட்கிறார், பிள்ளை பதில் சொல்கிறது, ஆசிரியர் அந்தப் பதிலைப் பற்றி ஏதோ சொல்கிறார். கேள்வி, பதில், மறுமொழி. இந்த மூன்றடிதான் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றில் இரண்டடி ஆசிரியருடையது என்பதைக் கவனியுங்கள்.

போர்ட் லூயி சந்தைக்குப் போய்த் தக்காளி என்ன விலை என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் விலை சொல்கிறார். "சரியான விடை, நன்றாகச் சொன்னீர்கள்" என்றா சொல்வீர்கள்? "அவ்வளவா?" என்பீர்கள், "கால் கிலோ போடுங்கள்" என்பீர்கள். அவர் சொன்னது உங்களுக்குத் தேவைப்பட்டது, அதனால் பேச்சு நகர்கிறது. வகுப்பில் மட்டும்தான் பதில் தெரிந்துகொண்டே கேட்கிறோம். பேனாவைத் தூக்கிப் பிடித்து "இது என்ன?" என்கிறோம். "பேனா" என்கிறார்கள். "சரி." அதற்கு மேல் அங்கே சொல்வதற்கு என்ன இருக்கிறது? உங்கள் பிள்ளைகள் ஒரு வார்த்தையில் பதில் சொல்வதாக வருத்தப்படுகிறீர்கள். ஒரு வார்த்தைதான் கேட்கப்படுகிறது தங்கையே.

சொல் தெரிந்ததா என்று பார்க்க இப்படிக் கேட்கத்தான் வேண்டும், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. உங்களுக்கே பதில் தெரியாத கேள்வி ஒரு வகுப்பில் குறைந்தது இரண்டு இருக்கட்டும் என்கிறேன். தைப்பூசக் காவடிக்கு உன் வீட்டில் யார் விரதம் இருந்தார்கள்? ஏழு கறியில் உனக்கு எது பிடிக்கும், எதை இலையில் ஒதுக்கிவைப்பாய்? உங்கள் வீட்டு நாய் யார் சொன்னால் கேட்கும்? இதற்கெல்லாம் பிள்ளை சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். கேட்கிறவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும் என்பதைப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பள்ளியில் வகுப்பு பார்க்கப் போயிருந்தேன். ஆசிரியை என் வயதை ஒட்டியவர், அதிர்ந்து பேசாதவர். துணிப்பை ஒன்றோடு வந்தார். அதிலிருந்து ஒரு கொத்தை எடுத்து, முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் முதல் பெஞ்சில் இருந்த பெண்ணிடம் நீட்டினார்.

"கரிப்புலே!" என்றாள் அவள்.

"ஆமாம், கறிவேப்பிலை. உங்கள் வீட்டில் இருக்கிறதா?"

"இருக்கு."

"எங்கே?"

"தெரியேர்..." என்று, பின்னால் என்பதைக் கிரியோலில் சொல்லி இழுத்தாள். ஆசிரியை பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பொறுக்கவில்லை, நான் சொல்லிக்கொடுத்துவிடலாமா என்றிருந்தது. "பின்னால்... வீடு பின்னால்" என்றாள்.

"ஓ, பின்னாலா! யார் வைத்தார்கள்?"

"தாத்தா வைத்தார்."

அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், யாரும் கேட்காமலே, "மிஸ், எங்க வீட்டிலே முரூம்!" என்றான். இன்னொருத்தி "பிப்பாங்காய்!" என்றாள். பையிலிருந்து முருங்கைக்கீரை வந்தது, கொத்தமல்லி வந்தது, பீர்க்கங்காய் வந்தது. கிரியோலில் கரிப்புலே, கோத்தோமிலி, முரூம், பிப்பாங்காய். எல்லாம் நம் வீட்டுச் சொற்கள்தான், உருண்டு உருண்டு தேய்ந்து நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களாகவும் தச்சர்களாகவும் வந்தவர்கள், 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் என்று இந்தத் தீவுக்கு வந்த தமிழர்கள் விட்டுப்போனவை. தங்களுக்குத் தமிழே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள், தங்கள் வாயில் தினமும் தமிழ் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் கவனித்தது வேறு. 'வீடு கூரை', 'வீடு பின்னால்' இரண்டும் ஒரே பிழை. என் பிள்ளையைத் திருத்தி உட்காரவைத்தேன். அந்த ஆசிரியை "ஓ, பின்னாலா!" என்று செய்தியை வாங்கிக்கொண்டு, அடுத்த கேள்வி கேட்டார். பிழையை விட்டாரா என்றால் விடவில்லை. பத்து நிமிடம் கழித்து, எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு, போர்டில் 'வீட்டுக்குப் பின்னால்' என்று எழுதினார். "நம்மில் ஒருவர் நல்ல விஷயம் ஒன்று சொன்னார். அதை இப்படி எழுதுவோம்" என்றார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியும், அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பிள்ளை வாய் திறந்த பிறகு உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அது சொன்ன விஷயத்துக்கா, சொன்ன விதத்துக்கா? விஷயத்துக்கு என்றால் அது இன்னொரு வாக்கியம் சொல்லும். விதத்துக்கு என்றால் உட்கார்ந்துவிடும். கிரியோலைத் தடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

அந்த ஆசிரியை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக 1 நொடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்கள், வேறு பிள்ளையிடம் போகிறார்கள், தாங்களே சொல்லிவிடுகிறார்கள். காத்திருப்பதை 3 நொடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன. பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. கேட்காமலே பேசுகிற பிள்ளைகள் கூடினார்கள். 1970-களில் வந்த ஆய்வு அது. அந்தப் பிள்ளைகள் பதிலை யோசித்தால் போதும். நம் பிள்ளைகள் பதிலை யோசித்து, அதைக் கிரியோலிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து, வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து, அப்புறம் வாய் திறக்க வேண்டும். 3 நொடி அவர்களுக்குக் காணாது. மனசுக்குள் நிதானமாக ஐந்து தடவை 'முருகா' என்று சொல்லுங்கள். முதல் வாரம் உங்களுக்கு மூச்சு முட்டும். பிள்ளையை முறைத்துக்கொண்டு நிற்காமல், எனக்கு அவசரமில்லை என்கிற முகத்தோடு நில்லுங்கள்.

திருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'செய்தியை வாங்கிக்கொள்' என்று சொன்னால், 'அப்படியானால் பிழையை விட்டுவிடலாமா அக்கா' என்று கேட்கிற ஆசிரியைகள் நிறைய.

விடக் கூடாது. எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி. கனடாவில் மான்ட்ரியல் பக்கம், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே படிக்கும் வகுப்புகளை லிஸ்டர், ரான்டா என்ற இருவர் 1997-இல் ஆராய்ந்து எழுதினார்கள். ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் ஒரே வகை. பிள்ளை தப்பாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிடுவது. 'நான் சாப்பிடு' என்கிறது பிள்ளை, 'ஆ, நான் சாப்பிடுகிறேன்' என்கிறோம் பாருங்கள், அது. மென்மையான வழிதான். ஆனால் அதைக் கேட்டுப் பிள்ளை ஏதாவது திருப்பிச் சொன்னது மூன்றில் ஒரு தடவைகூட இல்லை. ஆசிரியர் தன்னோடு உடன்படுகிறார் என்று நினைத்துப் பிள்ளை போய்விடுகிறது. "நான் சாப்பிடு...?" என்று நிறுத்தி, மீதியைப் பிள்ளையிடமிருந்தே வரவழைத்தபோது ஒவ்வொரு தடவையும் பிள்ளை ஏதோ ஒன்று சொல்லிப் பார்த்தது.

இதை அப்படியே நம் வகுப்புக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டால், பிள்ளையைப் பார்த்துத்தான் என்பேன். துணிச்சலாகப் பேசுகிற பிள்ளையிடம் பாதியில் நிறுத்தி வரவழையுங்கள், அதற்கு அது பிடிக்கும். உங்கள் பையனைப் போன்ற பிள்ளையிடம் அதைச் செய்யாதீர்கள், எல்லார் முன்னாலும் பாதி வாக்கியத்தில் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடும். அவனுக்குச் சரியாகத் திருப்பிச் சொல்கிற மென்மையான வழியே போதும், இப்போதைக்கு. இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு -றேன், -றான், -றாள் என்றால் அதை மட்டும் திருத்துங்கள். ழ வந்தாலும் ர வந்தாலும் அன்றைக்குக் காதில் விழாத மாதிரி இருங்கள்.

அந்த -றேன், -றான் ஏன் வருவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? கிரியோலில் மோ மான்ஸே, தோ மான்ஸே, லி மான்ஸே. நான் சாப்பிட்டாலும் நீ சாப்பிட்டாலும் அவன் சாப்பிட்டாலும் அவள் சாப்பிட்டாலும் வினை அசையாது. 'லி' என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் அதற்கும். இந்த மொழியில் வளர்ந்த பிள்ளை 'அவன் சாப்பிடு' என்று சொன்னால் அது கவனக்குறைவல்ல, தான் அறிந்த மொழியின் கணக்கை ஒழுங்காகப் போடுகிறது. இதை ஐந்தே நிமிடம் கிரியோலில் விளக்குங்கள். "கிரியோலில் வினைச்சொல் உடை மாற்றாது, தமிழில் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளும்" என்று சொல்லுங்கள். தமிழிலேயே விளக்குவேன் என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

ஆக, கிரியோலைத் தடுக்க வேண்டாம். 2012 முதல் நம் தொடக்கப் பள்ளிகளில் அதுவே ஒரு விருப்பப் பாடம். நீங்கள் தடுத்தால் பிள்ளைகள் தமிழுக்கு மாற மாட்டார்கள், மௌனத்துக்குத்தான் மாறுவார்கள். ஆனால் எது எங்கே என்று ஒரு வரையறை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நடக்கிற காரியங்கள் எல்லாம் தமிழில்தான்: வா, உட்கார், புத்தகத்தைத் திற, உன் பென்சில் எங்கே, யார் வரவில்லை. இவற்றைக் கிரியோலில் ஒரு தடவைகூடச் சொல்லாதீர்கள், கையைக் காட்டியே புரியவைத்துவிடலாம். பாட்டி காலத்தில் வீட்டில் நடந்த தமிழ் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இலக்கணம், சண்டை, அழுகை இவை கிரியோலில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் சில வாக்கியங்களைக் கையில் கொடுத்துவிடுங்கள். "எனக்குப் புரியவில்லை." "இன்னொரு தடவை சொல்லுங்கள்." "இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" மூன்றையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 'மோ பா கோனே' (எனக்குத் தெரியாது) என்று சொல்லித் தலையைக் குனிகிற பிள்ளைக்குப் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. 'இதைத் தமிழில் எப்படிச் சொல்வது' என்று கேட்கிற பிள்ளைக்கு அங்கே தொடங்குகிறது, அதுவும் தமிழில்.

சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் கேட்டு 'வேணும்', 'இருக்கு', 'வர்றேன்' என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். அதைப் பிழை என்று வெட்டாதீர்கள். தமிழ்நாட்டில் வாழ்கிறவர்கள் பேசுகிற தமிழ் அதுதான். "பேசும்போது வேணும், எழுதும்போது வேண்டும்" என்று சொன்னால் போதும்.

சேர்ந்து சொல்வதையும் கைவிடாதீர்கள். கூச்சப்படுகிற பிள்ளைக்கு அது ஒரு நிழல். ஆனால் அது மட்டும் இருந்தால் எந்தப் பிள்ளையின் குரலும் உங்களுக்குக் கேட்காது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பு 30 நிமிடம். அதில் 20 நிமிடம் நீங்கள் பேசினால், மீதி 10 நிமிடத்தை 14 பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 43 நொடி. அதிலும் வாயாடிகள் இரண்டு பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். அதே 10 நிமிடத்தில் இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து ஒருவரை ஒருவர் கேட்கச் சொன்னால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 நிமிடம். சத்தம் வரும், கிரியோலும் கலக்கும். கலக்கட்டும். உங்கள் பையனை அன்றைக்குச் சிரிக்காத ஒரு பிள்ளையோடு சேர்த்து உட்காரவையுங்கள், யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் அவர்கள் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். எனக்குத் தெரிந்து, இப்படி அடங்கிப்போன பிள்ளைகள் முதலில் பேசுவது ஆசிரியையிடம் அல்ல, பக்கத்துப் பிள்ளையிடம்.

மேலதிகாரி, பெற்றோர், ஆறாம் வகுப்புத் தேர்வு என்ற கவலை உங்களுக்கும் இருக்கும். எழுத்து வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை. துணிப்பை கொண்டுவந்த ஆசிரியை கடைசிப் பத்து நிமிடம் எழுதத்தான் வைத்தார். தாங்கள் சொன்னதையே எழுதியதால் ஒரு பிள்ளையும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த வாரம் ஒரு வகுப்பில் பத்து நிமிடம் மட்டும் உங்கள் பேச்சைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு தாளில் மூன்று கோடு போட்டுக்கொண்டு கேளுங்கள். பிள்ளை பேசிய பிறகு உங்கள் முதல் வார்த்தை 'சரி', 'நல்லது' என்ற தீர்ப்பா? திருத்தமா? அல்லது 'அப்படியா', 'யாரு', 'அப்புறம்' என்று விஷயத்தைத் தொடர்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். நான் முதல் தடவை கேட்டபோது என் தாளில் மூன்றாவது கோட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் யாரும் நாலு சொல்லைச் சேர்த்துச் சொல்லவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். அடுத்த பதிவில் மூன்றாவது கோட்டில் ஐந்து புள்ளி விழுந்தால் போதும்.

ழ-வைப் பற்றி ஒன்று பாக்கி. கை தூக்கும் விளையாட்டில் பிள்ளைகள் முக்கால்வாசி சரியாகத் தூக்கத் தொடங்கிய பிறகு, பழைய வாக்கியம் ஒன்றைப் போர்டில் எழுதுங்கள்: 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான்.' யாரையும் தனியாக எழுப்ப வேண்டாம். எல்லாரும் சேர்ந்து மெதுவாக ஒரு தடவை, கொஞ்சம் வேகமாக ஒரு தடவை, ஓட்டமாக ஒரு தடவை. நீங்களும் அவர்களோடு சேர்ந்து ஓட்டமாகச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை உங்கள் நாக்கும் கட்டாயம் புரளும். அதை மறைக்காதீர்கள். அவர்கள் சிரிக்கட்டும், அவனும் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு, "மறுபடி முயன்று பார்க்கிறேன்" என்று சொல்லி, அவர்கள் முன்னால் நீங்கள் மெதுவாக ஒரு தடவை சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா